எடுக்காம வுட்ட அடைப்பு

நாப்பது வருஷமா குழாய் வேலை பாத்தவன் நான். அதுல எடுக்காம வுட்ட அடைப்பு ஒண்ணே ஒண்ணுதான். அதுக்காக என்னைக் கேலி பண்ணாத டீக்கடை கள்ளக்குறிச்சியில கிடையாது. "மேஸ்திரி, கச்சிராயபாளையத்துக் குழாய் இன்னா ஆச்சு?"ன்னு ஒருத்தன் கேப்பான், மத்தவனுங்க டம்ளருக்குள்ள சிரிப்பானுங்க. எனக்குக் கோவம் மூக்கு மேல. டீயைப் பாதியில வெச்சுட்டு எழுந்து வந்துடுவேன். ஆனா ஒரு நாளும் பதில் சொன்னதில்ல. சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினவங்க போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாச்சு. அந்த வூட்டு மருமவளும், "சொன்னா சொல்லிட்டுப் போங்க மேஸ்திரி, இனிமே யாருக்கு இன்னா"ன்னு சொல்லிட்டாங்க. அதனால சொல்றேன்.

மொதல்ல ஸ்பிரிங்கைப் பத்தி சொல்லிடணும். அப்பல்லாம் எங்க பக்கம் குழாய் அடைச்சா மூங்கில் பிளாச்சுதான். கல்வராயன் மலையிலேர்ந்து மூங்கில் எறங்கும், அதை நாலாப் பொளந்து உள்ள வுட்டு இடிப்பாங்க. பிளாச்சு நேராத்தான் போவும். வளைவு வந்தா முறிஞ்சு உள்ளயே நின்னுக்கும். அடைப்பு எடுக்கப் போயி அடைப்பு வெச்சுட்டு வந்த கதை எத்தினியோ. நான் மெட்ராஸ்ல ஒரு பெரிய மேஸ்திரிகிட்ட ஆறு வருஷம் வேலை பாத்துட்டுத் திரும்பறப்போ, அவரு தன் பழைய ஸ்பிரிங்கைக் கையில குடுத்தாரு. சுண்டுவிரல் தடிமன்ல அம்பதடி முறுக்குக் கம்பி. ஒரு முனையில பன்னி வாலாட்டம் ஒரு சுருட்டு, மறு முனையில கைப்பிடி. கைப்பிடியைச் சுத்தினா மொத்தக் கம்பியும் சுத்திக்கினே உள்ள போவும், வளைவுல வளையும், அடைப்பைத் தொட்டா குத்திப் புடிச்சுக்கும். அஞ்சடிக்கு ஒரு எடத்துல செவப்பு நூல் சுத்தி வெச்சிருந்தேன். எத்தினி நூல் உள்ள போயிருக்குன்னு எண்ணினா அடைப்பு எங்கன்னு தெரிஞ்சுடும். இன்னா அடைப்புன்னு கை சொல்லிடும். மண்ணுன்னா கரகரக்கும். முடின்னா மெத்துன்னு திணறும். துணின்னா சுத்திக்கினு இழுக்கும்.

இன்னொண்ணும் அந்த மெட்ராஸ் மேஸ்திரி சொல்லிக் குடுத்ததுதான். குழாய்க்கு இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன் நிப்போம். நடுவுல வூடு, மாடு, மோட்டார் சத்தம். கத்தினா கேக்காது. அதனால ஸ்பேனரால குழாயைத் தட்டணும். ரெண்டு தட்டு தட்டினா, 'தண்ணி வுடட்டுமா?' அங்கேர்ந்து ரெண்டு வந்தா, 'வுடு'. மூணு வந்தா, 'நிறுத்து'. அவ்ளோதான் பாஷை. ரெண்டு தட்டாம நான் எந்தக் குழாய்லயும் தண்ணி வுட்டதில்ல. தனியா வேலை பாக்கறப்பக்கூட கை தானாத் தட்டிடும். பாக்கறவன் லூசுன்னு நெனச்சா நெனச்சுக்கட்டும்.

அந்த வூடு கச்சிராயபாளையத்துக்குக் கொஞ்சம் இந்தால, கோமுகி ஆத்துத் தண்ணி பாயற கரும்புக் கொல்லை ஓரமா இருந்துச்சு. பெரியம்மாவும் அவங்க ஒரே மவனும்தான். மவனுக்குக் கல்யாணம் முடிவாச்சு, பொண்ணு சின்னசேலம். டவுனுலேர்ந்து வர்ற பொண்ணை மறைப்புல நின்னு குளிக்கச் சொல்ல முடியுமான்னு, தம்பி கல்யாணத்துக்கு மொதல் மாசம் ஒரு பாத்ரூம் கட்டினான். குழாய் வேலை நான். போர் போட்டுத் தண்ணி வராமக் கழட்டின இரும்புக் குழாய் ரெண்டு கொல்லையில கெடந்துச்சு, ஒண்ணொண்ணும் இருபதடி. அதையே பூமிக்குள்ள பொதைச்சு, பின்னால வைக்கப்போர் பக்கத்துல ஒரு குழிக்கு வுட்டோம். குழியை அவனே தோண்டினான். ஆறடி நீளம், நாலடி அகலம், ஆளு முழுகற ஆழம்.

"தம்பி, குளிக்கிற தண்ணிக்கு இம்மாம் குழியா? ஆனையா குளிக்கப் போவுது?"ன்னேன்.

"நாளைக்கு கக்கூஸ் கட்டினா அதுக்கும் ஆவும்ங்க"ன்னு சிரிச்சான். நாலு பக்கமும் செங்கல் வெச்சு, அடியில மண்ணை அப்படியே வுட்டு, மேல சிலாப் போட்டு, ஒரு மூலையில தூக்கற மாதிரி ஒரு மூடி, காத்துக்கு ஒரு குழாய். வேலை ஜோராத்தான் இருந்துச்சு. அவன் குழிக்குள்ள நிப்பான், நான் பாத்ரூம்ல. நான் ரெண்டு தட்டுவேன், அவன் ரெண்டு தட்டுவான். அந்த வெளையாட்டு அவனுக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. வேலை முடிஞ்ச அப்புறமும் உள்ளேர்ந்து மூணு தட்டிட்டு, "நிறுத்துங்க மேஸ்திரி, சோறு துன்னலாம்"னு கத்தினான்.

மறு வருஷம் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் வந்துச்சு. ரோட்டோரப் புளியமரம் எல்லாம் குறுக்க சாஞ்சு கெடந்துச்சு. பஸ் இல்ல, லாரி இல்ல. அப்புறம் மரம் வெட்டின கேஸுன்னு பேரு எழுதிக்கினு ஊர் ஊரா போலீஸ் வந்துச்சு. அந்தத் தம்பி பேரும் லிஸ்ட்டுல இருக்குதாம், ஆளு தப்பிச்சு ஓடிட்டானாம்னு கேள்விப்பட்டேன். பாவம்னு நெனச்சேன். அதுக்கு மேல நான் இன்னா செய்ய?

அந்த வாரத்துல ஒரு நாள் காலையில பால்காரர் வந்து நின்னாரு. "உன்னை அந்தக் கச்சிராயபாளையத்து வூட்டு மருமவ வரச் சொல்லுது. குழாய் அடைச்சுக்கிச்சாம். அதுவுமில்லாம குழாய் தட்டுதாம்."

"குழாய் தட்டுதா? குழாயை நாமதான்யா தட்டணும்."

"எனக்கு இன்னா தெரியும், அந்தப் பொண்ணு மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்குது."

ஸ்பிரிங்கைச் சுருட்டி சாக்குல போட்டு, கேரியர்ல கட்டிக்கினு சைக்கிள்ல கெளம்பினேன். மரம் கெடக்கற எடத்துல எல்லாம் சைக்கிளைத் தோள்ல தூக்கிக்கினு ஏறி எறங்கணும். வாடின புளியந்தழை வாசனை மூக்குல ஏறுச்சு. அந்த ரோட்டுல அவ்ளோ அமைதியை நான் கேட்டதே இல்ல. வழியில ரெண்டு ஊரு. ரெண்டுலயும் ஒரு ஆம்பள இல்ல. சாத்தின கதவுங்க. கட்டின மாடுங்க தொண்டை வரளக் கத்திக்கினு இருந்துச்சு. ஒரு எடத்துல ஏத்தம் எறக்கமா துணி காயப் போட்டிருந்தாங்க, எல்லாம் பொடவைதான், ஒரு சட்டை இல்ல, ஒரு வேட்டி இல்ல. வேகமா மிதிச்சேன்.

வூட்டு வாசல்ல வேப்பமரத்தடியில ரெண்டு போலீஸ்காரங்க கயித்துக் கட்டில் போட்டு உக்காந்திருந்தாங்க. பையன் வந்தாப் புடிக்க. வயசான ஏட்டு ஒருத்தர் சாக்கைத் தொறந்து பாத்தாரு, கம்பிச் சுருளைப் பாத்துட்டு கையை வெடுக்குன்னு எடுத்துக்கினாரு. இன்னாதுன்னு சொன்னேன். "சீக்கிரம் எடுய்யா. நாலு நாளா குளிக்கல, ஒடம்பெல்லாம் கசகசங்குது"ன்னாரு.

அந்தப் பொண்ணு பின்கட்டுல நின்னுக்கினு இருந்துச்சு. நெத்தி முழுக்க துண்ணூறு, தலைமாட்டுல செருகி வெச்ச வேப்பந்தழை இன்னும் கூந்தல்ல ஒட்டிக்கினு இருந்துச்சு. இருபது வயசு இருந்தா ஜாஸ்தி. என்னைப் பாத்ததும் கடகடன்னு சொல்ல ஆரம்பிச்சிடுச்சு.

"அவரு காணாமப் போன மறுநாளுங்க. நான் குளிக்கப் போனேன். ஒரு சொம்பு மொண்டு ஊத்தினேன். உள்ளேர்ந்து டொக் டொக் டொக்குன்னு மூணு. நிறுத்தினேன், நின்னுடுச்சு. மறுபடி ஊத்தினேன், மறுபடி மூணு. ஈரப் பொடவையோட ஓடி வந்துட்டேன். அத்தகிட்ட சொன்னா காத்து கருப்பு பட்டிருக்கும்னு துண்ணூறு பூசி வுட்டாங்க. அதுக்கு மறுநாளு குழாயே அடைச்சுக்கிச்சு. சத்தமும் இல்ல."

"எலிம்மா. குழாய்ல எலி பூந்து செத்துப் போயிருக்கும்"னு சிரிச்சேன். மூணுன்னு சொன்னப்பவே என் மரமண்டைக்கு எட்டியிருக்கணும். எட்டல.

பெரியம்மா கொல்லைக் கதவைப் புடிச்சுக்கினு நின்னாங்க. "எடுக்க வேணாம் மேஸ்திரி. நான் வேணாம்னுதான் சொன்னேன், இவ என்னைக் கேக்காம ஆளு அனுப்பிட்டா. நீ போ. கலவரம் அடங்கட்டும், அப்புறம் வா."

எனக்கு வந்துச்சே கோவம். எத்தினி மரம் ஏறி எறங்கி வந்திருக்கேன், மூஞ்சில அடிச்ச மாதிரி போன்னா? "வந்தவன் எடுக்காம போவ மாட்டேன் பெரியம்மா. காசு வேணாம், வுடுங்க"ன்னு லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கினு உள்ள எறங்கினேன்.

பாத்ரூம்ல கணுக்கால் அளவு தண்ணி சோப்பு நுரையோட நின்னுக்கினு இருந்துச்சு. துளைக்குள்ள முனையை வுட்டு சுத்த ஆரம்பிச்சேன். ஒரு நூல் போச்சு, ரெண்டு போச்சு. வெண்ணெய்ல போற மாதிரி போவுது. அஞ்சு, ஆறு, ஏழு. எட்டாவது நூல் தண்ணிக்குள்ள முழுகறப்போ முட்டுச்சு. எட்டு நூல்னா நாப்பது அடி. அந்தக் குழாயே நாப்பது அடிதான், பொதைச்சவன் நானாச்சே. குழாய் வாயில அடைக்கும், வளைவுல அடைக்கும். வால்ல அடைச்சு நான் பாத்ததில்ல. வாலைத் தாண்டினா குழி, எதுவா இருந்தாலும் விழுந்துடும், அடைக்காது.

சுத்தினேன். மெத்துன்னு புடிச்சுக்கிச்சு. துணி. சரின்னு இழுத்தேன்.

சிக்கின துணிய இழுத்தா ஒண்ணு விறைப்பா நிக்கும், இல்ல கிழிஞ்சுக்கினு வரும். இது கொஞ்சம் வந்துச்சு. அப்புறம் நின்னுச்சு. அப்புறம், நான் இழுக்காம சும்மா புடிச்சுக்கினு இருக்கிறப்போ, கம்பி என் கையிலேர்ந்து அந்தப் பக்கம் போச்சு. ஒரு சாண் இருக்கும். நான் வுடல, ஆனா போச்சு. மெதுவா, வலிக்காம, கைக் கொழந்தைகிட்டேர்ந்து எதையாச்சும் வாங்கற மாதிரி.

எத்தினியோ குழாய்ல கைய வுட்டிருக்கேன். பாம்பு வந்திருக்கு, தேள் வந்திருக்கு, பயந்ததில்ல. அன்னைக்கு என் காலைச் சுத்தி நுரை ஆடிக்கினு இருந்துச்சு. ஓடணும்னு தோணுச்சு. ஓடாம இன்னா பண்ணேன் தெரியுமா? பழக்கதோஷம். இடுப்புலேர்ந்து ஸ்பேனரை எடுத்தேன், குழாய் வாயில ரெண்டு தட்டு தட்டினேன்.

கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல.

அப்புறம் பூமிக்கு அடியிலேர்ந்து வந்துச்சு. டொக். டொக். டொக்.

அந்த பயத்துக்குள்ளயே ஒரு மூலையில புத்தி முழிச்சுக்கிச்சு. மூணு. நிறுத்து. இந்தப் பாஷை தெரிஞ்ச ஆளு இந்தச் சுத்து வட்டாரத்துல என்னை வுட்டா இன்னொருத்தன்தான்.

திரும்பிப் பாத்தேன். பெரியம்மா கதவண்ட நின்னுக்கினு இருந்தாங்க. எனக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுடுச்சு. என் பக்கத்துல ரொப்பி வெச்சிருந்த தண்ணிக் கொடத்தை எடுத்து இடுப்புல வெச்சுக்கினு, கையால அதோட வாயைப் பொத்திக்கினாங்க.

அவங்க பின்னாலயே ஏட்டு வந்து நின்னாரு. "இன்னாய்யா தட்டற சத்தம்?"

"நான்தான் சார். குழாய் தெம்பா இருக்குதான்னு தட்டிப் பாத்தேன்."

"நீ தட்டினது சரி. உள்ளேர்ந்தும் வந்துச்சே."

"இரும்புக் குழாய் சார். எதிரொலிக்கும்."

அவரு என்னையே பாத்தாரு. "ரெண்டு தட்டினா எதிரொலி மூணு வருமா?"

பெரியம்மா இடுப்புல கொடத்துத் தண்ணி தளும்பினது எனக்குக் கேட்டுச்சு. "உள்ள தண்ணி நிக்குது சார், தண்ணி நின்னா ஒண்ணு கூடத்தான் வரும்"னேன். குழாயைப் பத்தி வாழ்க்கையில நான் சொன்ன மொத பொய் அது.

"சரி சரி, அந்தக் கொடத்தை ஊத்து. போவுதான்னு பாப்போம். நான் குளிக்கணும்."

ஊத்தினா நிக்கற தண்ணியும் சேந்து மொத்தமும் அவன் மேல போவும். துணியை இழுத்து இளக வுட்டிருக்கேன், பாதி வழி தொறந்திருக்குது. அவன் இருமினா, ஏறி வந்தா, வாசல்ல இன்னொரு போலீஸ். என் வாயில அப்ப வந்த வார்த்தையை அதுக்கு முன்னயும் சொன்னதில்ல, பின்னயும் சொன்னதில்ல. "என்னால முடியல சார். இது என் ஸ்பிரிங்குக்கு அடங்காத அடைப்பு. பெரிய ஸ்பிரிங் மெட்ராஸ்லேர்ந்து வரணும். பஸ் வுட்டாத்தான் ஆவும்."

ஏட்டு சிரிச்சாரு. "பெரிய மேஸ்திரின்னாங்களே. ஆனைக்கும் அடி சறுக்கும் போ. வாய்க்கால்லயே குளிச்சுக்கறோம்."

கம்பியை இழுத்தேன். இந்தத் தரம் சுளுவா வந்துச்சு, அந்தப் பக்கம் வுட்டுட்டான். முனையில ஒரு மஞ்சக் கிழிசல் சுத்திக்கினு வந்துச்சு. அந்தப் பொண்ணு எட்டிப் பாத்து, "இது அத்தையோட பழைய பொடவையாச்சே"ன்னுச்சு. "எலி இழுத்துக்கினு போயிருக்கும்"னாங்க பெரியம்மா. எனக்கு முன்னால அவங்க முந்திக்கினாங்க.

சாக்கைக் கட்டிக்கினு கெளம்பினேன். அந்தப் பொண்ணு பின்னாலயே வந்துச்சு. "அப்ப நெசமா எலிதானுங்களா?"

"எலிதாம்மா."

"எலின்னா நீங்க ஏன் இப்படி வேத்துப் போயி இருக்கீங்க?"

நான் சைக்கிள்ல ஏறிட்டேன்.

மறியல் முடிஞ்சு பஸ் ஓட ஆரம்பிச்ச அப்புறம், கள்ளக்குறிச்சி சந்தையில பெரியம்மா என்னைத் தேடி வந்தாங்க. கூடையைக் கீழ வெச்சுட்டு மெதுவாச் சொன்னாங்க. நான் வந்துட்டுப் போன மறுநாளு, விடியறதுக்குள்ள, புள்ள குழியை வுட்டு ஏறி மலைக்குப் போயிட்டானாம். வெள்ளிமலைப் பக்கம் தெரிஞ்ச வூடு இருக்குதாம். "வந்துடுவான். திடீர்னு வந்தா ஒளிய எடம் வேணும் மேஸ்திரி. குழி காஞ்சு இருக்கணும். குழாய்ல தண்ணி போவக் கூடாது. அந்த அடைப்பு அப்படியே இருக்கட்டும்."

"மருமவகிட்ட?"

"அவகிட்ட மூச்சு வுடாத. சின்னப் பொண்ணு. ஒருத்தன் லத்தியை ஓங்கினா கொட்டிடுவா." கையை நீட்டினாங்க. அடிச்சு சத்தியம் பண்ணேன். அப்ப அது சரியாத்தான் பட்டுச்சு.

அப்புறம் கேஸெல்லாம் ஒண்ணுமில்லாமப் போச்சு. ஓடினவங்க ஒவ்வொருத்தரா வந்து சேந்தாங்க. அவன் வரல. மலையில ஒருத்தியோட குடும்பம் நடத்தறான்னாங்க. கேரளாவுல பாத்தேன்னாங்க. பாறையில வழுக்கி வுழுந்திருப்பான்னாங்க. ஊர் வாயை மூட உலை மூடி ஏது? அந்தப் பொண்ணு பொறந்த வூட்டுக்குப் போவல. பொட்டையும் எடுக்கல. ஒரு தரம் பஸ் ஸ்டாண்டுல என்னைப் பாத்துச்சு, மொகத்தைத் திருப்பிக்கிச்சு. கட்டினவன் ஒரு வார்த்தை சொல்லாம வுட்டுட்டுப் போயிட்டான்னு அது நெனச்சுக்கினு இருக்குது. போவல, நாலு நாளு உன் அடுப்பங்கரைக்குப் பின்னாலதான் இருந்தான்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல. சத்தியமாம் சத்தியம். என் மேலயே எனக்கு எரிச்சலா வரும், அதை வூட்ல இருக்கறவங்க மேல காட்டுவேன்.

பதினோரு வருஷம் ஆச்சு. பெரியம்மா செத்துட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். கருமாதி முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு மருமவகிட்டேர்ந்து ஆளு வந்துச்சு. குழாயை எடுத்துக் குடுக்கணுமாம்.

போனேன். அந்தப் பொண்ணுன்னு சொல்ல முடியாது இப்ப, காதோரம் நரைச்சிருந்துச்சு. பாத்ரூமைத் தொறந்து காட்டினாங்க. தரை வெள்ளை வெளேர்னு காஞ்சு கெடந்துச்சு.

"பதினோரு வருஷமா ஒரு சொம்பு தண்ணி ஊத்த வுடலைங்க அத்தை. மாட்டுக் கொட்டாய்க்குப் பக்கத்துலதான் குளியல். தெனம் காலையில இங்க வந்து கல்லால தட்டுவாங்க. ரெண்டே தட்டு. அப்புறம் தரையில காதை வெச்சுக்கினு படுத்திருப்பாங்க. புள்ள போன துக்கத்துல பைத்தியம் புடிச்சிடுச்சுன்னு நான் வுட்டுட்டேன்."

பெரியம்மா அந்தத் தட்டற பாஷையைக் கத்துக்கினு இருந்திருக்காங்க. நான் அன்னைக்கு ரெண்டு தட்டினதைக் கதவண்ட நின்னு பாத்தவங்கதானே.

"மொதல்ல குழியைப் பாக்கணும்மா"ன்னேன். வைக்கோலைத் தள்ளி, மூலை மூடியை ரெண்டு பேருமா தூக்கினோம். வெளிச்சம் உள்ள வுழுந்துச்சு. அடியில பாய் விரிச்சிருந்துச்சு. பழசு இல்ல, புதுப் பாய். சுருக்கம் இல்லாம, தலைமாட்டுல ஒரு மடிச்ச போர்வை. பக்கத்துல மூடி போட்ட சொம்பு. நான் எறங்கி மூடியைத் தொறந்தேன். பாதி சொம்பு தண்ணி இருந்துச்சு. பெரியம்மா கடைசியா வெச்ச தண்ணி, மூடி வெச்சிருந்தா ஒண்ணரை மாசம் நிக்கும், ஏன் நிக்காதுன்னு எனக்கு நானே சொல்லிக்கினேன். ரெண்டு தரம் சொல்லிக்கினேன்.

மேலேர்ந்து குரல் வந்துச்சு. "மேஸ்திரி, அது யாரு படுக்கற பாயிங்க?"

குழிக்குள்ள நின்னுக்கினேதான் எல்லாத்தையும் சொன்னேன். ஏறி வந்து மொகத்தைப் பாத்து சொல்ல தெம்பு இல்ல. நான் சொல்லி முடிக்கற வரைக்கும் அந்தம்மா குழி ஓரமா குத்துக்கால் போட்டு உக்காந்திருந்தாங்க. அழுவல.

"அப்ப, நான் குளிக்கறப்போ தட்டினது அவருதானுங்களா?"

"ஆமாம்மா."

"மூணுன்னா இன்னா?"

"நிறுத்துன்னு அர்த்தம். தண்ணி மேல வந்திருக்கும்."

"நான் நிறுத்தினேனே"ன்னாங்க. "நிறுத்திட்டு ஓடிட்டேன். பேய்னு ஓடிட்டேன். துண்ணூறு பூசிக்கினேன். அங்கயே நின்னு பதிலுக்கு ஒரு தட்டு தட்டியிருந்தா, நான்தான்னு தெரிஞ்சிருக்கும் அவருக்கு." கீழ என்னைப் பாத்து, "உங்களையும் நான்தானே கூப்பிட்டு வுட்டேன்"னாங்க.

குழாய் முனையில அந்த மஞ்சப் பொடவை இன்னும் இருந்துச்சு, அவன் கையால திணிச்சது. மடிப்பு மடிப்பா, கெட்டியா. வெளியில இழுத்துப் போட்டேன். பதினோரு வருஷத்து அடைப்பு, நிமிஷத்துல வந்துடுச்சு. "எடுத்தாச்சும்மா. நான் ஏறி வரேன், தண்ணி வுட்டுப் பாக்கலாம்."

"இருங்க. அந்த ஸ்பேனரைக் குடுங்க. நீங்க அங்கயே இருங்க."

எட்டிக் குடுத்தேன். வாங்கிக்கினு பாத்ரூமுக்குப் போனாங்க. நான் அந்தப் பாயில கால் படாம ஒதுங்கி, செங்கல் ஓரமா உக்காந்தேன்.

டொக். டொக்.

நாப்பது வருஷத்துல அந்த சத்தத்தை நான் மேலேர்ந்துதான் கேட்டிருக்கேன். கீழ உக்காந்து கேட்டா அது வேற. காதுல வரல, முதுகு வழியா வருது, பக்கத்துல ஒரு ஆளு உக்காந்து தட்டற மாதிரி. என் கையண்ட ஒரு கல்லு கெடந்துச்சு, ஒரு பக்கம் வழவழன்னு தேஞ்சு போயி, கைக்கு அடக்கமா. அவன் தட்டின கல்லு. அதை எடுத்து நான் ரெண்டு தட்டினா, தண்ணி வரும், வேலை முடிஞ்சுது. கையில எடுத்தேன். தட்ட முடியல. அந்தக் கேள்வி என்னைக் கேட்டது இல்ல, அவனைக் கேட்டது.

டொக். டொக். மறுபடியும் வந்துச்சு. மறுபடியும். நான் மூச்சைப் புடிச்சுக்கினு, அவன் உக்காந்திருந்த மாதிரியே உக்காந்திருந்தேன்.

கடைசியில நின்னுச்சு. அந்தம்மா குழி ஓரமா வந்து நின்னாங்க. தரையில படுத்த தூசி ஒரு பக்கக் கன்னம் பூரா ஒட்டிக்கினு இருந்துச்சு.

"உள்ள கேட்டுச்சுங்களா?"

"கேட்டுச்சும்மா."

"நல்லா?"

"நல்லாக் கேட்டுச்சு."

"அப்ப சரி"ன்னாங்க. "தண்ணி வுட வேணாம் மேஸ்திரி. பொடவையை இருந்த மாதிரியே வெச்சுட்டு வாங்க."

அடைப்பு எடுக்கறவன் நான். அன்னைக்கு என் கையாலயே, அவன் மடிச்ச மடிப்புலயே மடிச்சு, அந்தக் குழாயை அடைச்சேன். ஏறி வர்றதுக்குள்ள அந்தம்மா கையை நீட்டி, "அந்த சொம்பை எடுத்துக் குடுங்க, தண்ணி மாத்திக்கினு வரேன்"னாங்க.